பாபிர்யேயின் அட்டை

நாம்பிரா தீவு
10 மே 2021

சின்னம்மாவுக்கு,

அங்கே வீடு எப்படி, உடம்பு எப்படி, தையல் மெஷின் எப்படி? இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம்.

அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது மிச்சமிருந்த கணக்கு நோட்டுத் தாள் இது. கட்டம் கட்டமாக இருப்பதற்குக் கோபிக்க வேண்டாம்.

கவேசா அண்ணனின் மீன் படகில் இந்தக் கடிதத்தோடு ஒரு மஞ்சள் அட்டையும் வரும். நனையாமல் இருக்க இரண்டு பாலித்தீன் பைகளில் சுற்றியிருக்கிறேன். அது அம்மாவின் கொரோனா ஊசி அட்டை. பெயர் இருக்கும் இடத்தில் பாபிர்யே என்று எழுதியிருக்கும். முதல் ஊசி, ஏப்ரல் 3. இரண்டாவது ஊசி, எட்டு வாரம் கழித்து, மே 29. அந்தத் தேதி மட்டும் பென்சிலில் இருக்கும்.

அம்மா சொல்வதை அப்படியே எழுதச் சொல்கிறார்:

"நகாத்தோ, ஈஸ்டருக்கு மொத நாள் நீ இங்க வந்திருந்தப்ப நடந்ததுக்கு இன்னும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டிருக்கியா? பொழுது சாயுற நேரம், எல்லாரும் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போயாச்சு. நர்சுகிட்ட ஒரே ஒரு ஊசிதான் மிச்சம். மூத்தவங்க யாருன்னு கேட்டா. கால் மணி நேரம் முன்னாடி பொறந்தவ நான். கையை நீட்டிட்டேன். நீட்டின பிறகுதான் ஒன் மூஞ்சியப் பாத்தேன். ரெட்டைப் பிள்ளைல ஒருத்தி திங்க இன்னொருத்தி பாத்துக்கிட்டு நிக்கக் கூடாது, எனக்குத் தெரியாதா? அதுக்குத்தான் இந்த அட்டை. மொத ஊசி எனக்கு, ரெண்டாவது ஒனக்கு. என் பேரைச் சொல்லிப் போட்டுக்க. ஒரே வயித்துல கெடந்தவங்களுக்குள்ள எந்த நர்சு வந்து கணக்குப் பாக்கப் போறா?"

இனி எழுதுவது நான். அம்மாவின் போன் ஏரியில் விழுந்துவிட்டது. மேட்டுக் கடைக்காரர் போன் தருகிறார். ஆனால் எல்லோர் காதிலும் விழ இதைப் பேச முடியாது என்கிறார் அம்மா. அங்கே எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்கோ பேச்சு வராது. அதனால்தான் கடிதம்.

கொரெத்தி


கியாபோகோ
23 மே 2021

கொரெத்திக்கு,

உன் எழுத்து முகெனே மீன் போல இருக்கிறது, பொடிப்பொடியாக. கண்ணாடி போட்டும் தெரியாமல் பக்கத்துக் கடைக்காரியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். இனிமேல் திலாப்பியா அளவுக்கு எழுது.

உன் அம்மாவிடம் சொல்: கோபம் போகவில்லை, பாதிதான் போயிருக்கிறது. எங்களுக்கு வயது ஐம்பத்து மூன்று. ஒரு சீனிக்கட்டி கிடைத்தாலும் கடித்து இரண்டாக்கித் தின்றவர்கள். அன்றைக்கு அவள் பாட்டுக்குக் கையை நீட்டிவிட்டாள். நான் வாசலில் வாழைத்தார் போலத் தொங்கிக்கொண்டு நின்றேன்.

ஒன்று சொன்னால் சிரிப்பாள். அன்று ஊசி அவளுக்கு. மறுநாள் தேவாலயத்தில் சிலுவை போடக் கையைத் தூக்க முடியாமல் வலித்தது எனக்கு. இடது கைதான். அவளுக்குப் போட்ட அதே இடம்.

அட்டை வந்து சேர்ந்தது. ஆனால் இங்கே மருந்து இல்லை. அது செய்யப்படும் தேசத்திலேயே நோய் பெருகிவிட்டதாம், வெளியே அனுப்பமாட்டார்களாம். எட்டு வாரம் என்றவர்கள் இப்போது பன்னிரண்டு என்கிறார்கள். "இடைவெளி கூடினா நல்லதுதாம்மா" என்றாள் நர்ஸ். இல்லாததை நல்லது என்று சொல்வதில் அவர்கள் கெட்டிக்காரர்கள்.

நீலத்தில் துணி வாங்கி இரண்டு கோமேசி அங்கி வெட்டிவிட்டேன். அக்காமேல் கோபம் இருந்தாலும் கத்தரிக்கோல் இரண்டாகத்தான் வெட்டுகிறது, என்ன செய்ய? தோள்பட்டை கூர்மையாக வேண்டுமா, தணிவாக வேண்டுமா என்று அவளைக் கேட்டு எழுது.

சின்னம்மா நகாத்தோ


நாம்பிரா தீவு
25 ஜூன் 2021

சின்னம்மாவுக்கு,

திலாப்பியா அளவில் எழுதுகிறேன்.

நேற்று சுகாதாரப் படகு வந்தது. கொஞ்சம் இரண்டாவது ஊசிகள் மட்டும் கொண்டுவந்தார்கள். அம்மாவும் போனார். போட்டுக்கொள்ளவில்லை. அட்டை இல்லை.

அட்டையைக் கவேசா அண்ணனிடம் கொடுத்து அனுப்ப முடியுமா? ஊரடங்கு போட்டிருக்கிறார்கள், ஆள் போக முடியாது, ஆனால் மீனும் சாமானும் போகின்றன, அட்டையும் வரலாம். சுகாதாரப் படகு இன்னும் இரண்டு வாரத்தில் மறுபடி வருமாம்.

மேட்டுப் பக்கம் இரண்டு வீடுகளில் இருமல். அம்மா நன்றாக இருக்கிறார். தோள்பட்டை கூர்மையாக வேண்டுமாம்.

கொரெத்தி


கியாபோகோ
8 ஜூலை 2021

கொரெத்திக்கு,

உன் கடிதம் போன சனிக்கிழமை கிடைத்தது. ஓஹோ, கொடுத்ததைத் திரும்பக் கேட்கிறாளா உன் அம்மா? ஏழு வயதில் எனக்கு ஒரு கண்ணாடி வளையல் கொடுத்து மறுநாள் பிடுங்கிக்கொண்டவள்தானே. அவளிடம் சொல், இந்த முறை நகாத்தோ முந்திக்கொண்டாள்.

ஆமாம். இன்று போட்டுக்கொண்டேன்! நேற்று மருந்து வந்ததாகக் கேள்விப்பட்டேன். விடியும் முன்பே வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டேன், அட்டையைத் திருப்பி அனுப்பச் சொல்லி இன்னொரு கடிதம் வருவதற்குள். பத்து மணிக்கு நர்ஸ், "பாபிர்யே" என்று கூப்பிட்டாள். "இதோ இருக்கேன்" என்றேன். சுலபமாக வந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் அவள் மாங்காய் பொறுக்கப் போகிற நாளெல்லாம் அவள் பெயருக்கும் நான்தான் பதில் சொல்வேன். முதலில் ஒரு குரலில் அவளுக்கு, பிறகு இன்னொரு குரலில் எனக்கு.

"ரெண்டும் முடிஞ்சுதும்மா. முழுச் சான்றிதழ் கம்பாலாலேருந்து வரும். பேர் கூப்பிடுறப்ப வந்து வாங்கிக்கங்க" என்றாள் நர்ஸ்.

அக்காவிடம் சொல், இப்போது கோபம் முழுதும் போய்விட்டது. ஆளுக்கு ஒன்று. நாங்கள் நிறைந்துவிட்டோம்.

நீலக் கோமேசி இரண்டும் தைத்து முடித்துவிட்டேன். வழி திறந்ததும் கொண்டு வருகிறேன்.

சின்னம்மா


நாம்பிரா தீவு
12 ஜூலை 2021

சின்னம்மாவுக்கு,

மேட்டுக் கடைக்காரர் போனில் சொல்கிறேன் என்றார். மாமிமார் விடவில்லை. இரட்டையர் சாவதில்லை, பறந்துபோகிறார்கள், ஒருத்தி பறந்ததை இன்னொருத்தி காதில் போன் வழியாகப் போடக் கூடாது என்றார்கள். அதனால் நான் எழுத வேண்டியிருக்கிறது. இதை ஏழு தடவை எழுதி அடித்துவிட்டேன்.

அம்மா வியாழக்கிழமை பறந்துவிட்டார்.

ஜூலை முதல் தேதி இருமல் ஆரம்பித்தது. ஐந்தாம் தேதி எழுந்திருக்க முடியவில்லை. புதன்கிழமை கரைக்குக் கொண்டுபோகப் படகு கேட்டேன். கேட்டேன் என்றால், படகுக்காரர் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர்களே புரிந்துகொண்டு வந்தார்கள். ஏரியில் அலை அதிகமாக இருந்தது. காலையில் போகலாம் என்றார்கள். அந்தக் காலைதான் வியாழன்.

பத்து மணி இருக்கும். மீன் படகுகள் திரும்பும் நேரம். அம்மா அதுவரை கண்ணை மூடிக்கிடந்தவர், யாரோ கூப்பிட்ட மாதிரி வாசல் பக்கம் தலையைத் திருப்பினார்.

"ஒனக்குக் கேட்டுச்சா?" என்றார்.

"என்னதும்மா?"

"என் பேரச் சொன்னாங்க."

வாசலில் யாரும் இல்லை. எழுந்து பார்க்க நான் போகும்போதே அம்மா, "வேணாம், ஒக்காரு. அவ பதில் சொல்லிட்டா" என்றார். முகம் லேசாகிவிட்டது. திரும்பிய தலை திரும்பியபடியே இருந்தது.

வெள்ளை உடை போட்டவர்கள் வந்து அன்றே புதைத்தார்கள். வழக்கப்படி மரவுரி சுற்றவிடவில்லை. ஒரு துண்டு கிழித்து அம்மா கையில் வைத்தேன், அதை மட்டும் பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டார்கள். இரட்டையருக்கு அழக் கூடாது என்பதால் யாரும் அழவில்லை. நானும் அழவில்லை. தூரத்தில் நின்று இரண்டு பேர் இரட்டையர் பாட்டுப் பாடினார்கள். முகமூடிக்குள்ளிருந்து பாடியதால் வார்த்தை கேட்கவில்லை.

சின்னம்மா, நீங்கள் அழாமல் இருங்கள்.

கொரெத்தி


நாம்பிரா தீவு
17 ஜூலை 2021

சின்னம்மாவுக்கு,

உங்கள் எட்டாம் தேதிக் கடிதம் இன்றுதான் கிடைத்தது.

பத்து மணி என்று எழுதியிருக்கிறீர்கள்.

வேறு எதுவும் எழுத வரவில்லை.

கொரெத்தி


கியாபோகோ
9 ஆகஸ்ட் 2021

கொரெத்திக்கு,

மூன்று வாரம் பேனாவைத் தொடவில்லை. வழி திறந்துவிட்டார்கள், தெரியும். ஆனால் நான் வரமாட்டேன். எந்த முகத்தோடு வருவது? என்னிடம் இருப்பது அவள் முகம்.

உன் கடிதத்தை மடித்து அட்டைக்குள் வைத்திருக்கிறேன். அட்டையில் முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு, பாபிர்யே முழுமையாக ஊசி பெற்றார் என்று இருக்கிறது. தேதி ஜூலை 8. அரசாங்கத்தின் கணக்கில் அன்று என் அக்கா நலமாக இருந்திருக்கிறாள். நகாத்தோ என்றொருத்தி எந்த வரிசைக்கும் வரவே இல்லை. சில நாள் எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது. மெஷின் மிதித்துக்கொண்டிருக்கும்போது, போனது யார் என்று ஒரு கணம் குழம்புகிறேன்.

நீலக் கோமேசி இரண்டும் கதவுக்குப் பின்னால் தொங்குகின்றன. காற்றடித்தால் ஒன்று மட்டும்தான் அசைகிறது. மாற்றி மாட்டிப் பார்த்தேன். அப்போதும் அதேதான் அசைகிறது.

அவள் அட்டையைத் திரும்பக் கேட்டாள். ஐந்து நாள் அந்தக் கடிதம் என் மேசையில் கிடந்தது. கவேசா இரண்டு தடவை வந்து, "தீவுக்கு ஏதாவது இருக்கா அக்கா?" என்று கேட்டான். "ஒண்ணுமில்ல" என்றேன். இரண்டு தடவையும். அட்டை என் இடுப்பு வாரில் செருகியிருந்தது.

அவளைக் கூப்பிட்டார்கள். நான் பதில் சொன்னேன். அதனால் அவள் திரும்பி வர வேண்டிய வேலை இல்லாமல் போயிற்று. எழுதுவதற்கு இதற்குமேல் ஒன்றும் இல்லை.

நகாத்தோ


நாம்பிரா தீவு
22 ஆகஸ்ட் 2021

சின்னம்மாவுக்கு,

அட்டையைத் திரும்பக் கேட்டது அம்மா இல்லை. நான். அம்மாவுக்குத் தெரியாமல் கேட்டேன். தெரிந்திருந்தால் அடித்திருப்பார். "குடுத்ததக் கேக்குறதாடி?" என்றிருப்பார்.

ஜூன் 24ஆம் தேதி நடந்ததை நான் அன்று முழுதாக எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

ஏப்ரலில் வந்த நர்ஸ் இல்லை, வேறொருத்தி. படகுத்துறை மரத்தடியில் மேசை போட்டிருந்தார்கள். இருபது பேருக்குமேல் வரிசை. அம்மா வர மறுத்தார், நான்தான் கையைப் பிடித்து இழுத்துப்போனேன்.

"அட்டை எங்கம்மா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"தங்கச்சிகிட்ட இருக்கு, அக்கரைல."

"ஒங்க அட்டை அங்க எதுக்குப் போச்சு?"

பின்னால் நின்ற ஒருவர், "மீன் வாங்கப் போயிருக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நர்ஸ் நல்லவள். "சரி, ஏப்ரல்ல இவங்க போட்டுக்கிட்டதப் பாத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா? ஒருத்தர் சொன்னாப் போதும், பழைய பதிவேட்டத் தேடிப் புது அட்டை எழுதித் தரேன்" என்றாள்.

ஏப்ரலில் அன்று மாலை அங்கே இருந்தது நாம் மூன்று பேரும் அந்தப் பழைய நர்ஸும்தான். பார்த்தவள் நான் ஒருத்திதான்.

இருபது முகங்களும் திரும்பின. எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. 'நான் பார்த்தேன்.' இரண்டே வார்த்தை. மனசுக்குள் நூறு தடவை சொன்னேன். அம்மா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. பிறகு நர்ஸிடம் சிரித்துக்கொண்டு, "என் மக பேசமாட்டா, விடுங்க. அந்த ஊசி எப்படியும் என் தங்கச்சிக்குச் சேர வேண்டியது" என்றார். வீட்டுக்கு நடந்தோம். வழியில் அம்மா சோளம் வாங்கித் தந்தார்.

பேசியிருந்தால் அன்றே போட்டிருப்பார்கள். அடுத்த வாரம்தான் இருமல் வந்தது.

இதை யாரிடமும் சொன்னதில்லை. பகலில் முகெனே காயப்போடும்போது என் பின்னால் வலையை உதறும் சத்தம் கேட்கிறது, அம்மா உதறுவது போல, மூன்று உதறல், ஒரு நிறுத்தம். திரும்பினால் இல்லை. நான் பேசுவதற்காக அம்மா காத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

சின்னம்மா, நீங்கள் போட்டுக்கொண்டது ஒரே ஒரு ஊசி. அட்டையில் இரண்டு இருக்கலாம், உங்கள் கையில் ஒன்றுதான். ஜூலை 8 முதல் எண்ணினால் பன்னிரண்டாவது வாரம் செப்டம்பர் 30, வியாழக்கிழமை முடிகிறது. அன்று உங்கள் பெயரில் போய் உங்கள் இரண்டாவது ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு இப்போது நீங்கள் மட்டும்தான்.

கொரெத்தி


கியாபோகோ
6 செப்டம்பர் 2021

கொரெத்திக்கு,

இருபது பேர் முன்னால் இரண்டு வார்த்தை சொல்ல முடியவில்லை. எனக்குக் கடிதம் மட்டும் பக்கம் பக்கமாக எழுத முடிகிறதா? நீ வாயைத் திறந்திருந்தால் என் அக்கா இருந்திருப்பாள்.

எழுதிவிட்டேன். அடிக்கப்போவதில்லை. நீயும் அட்டைக்காக என்னைத் திட்டி எழுதிக்கொள்.

ஊசிக்குப் போகமாட்டேன். எங்கள் இருவருக்கும் சேர்த்து இரண்டு. அவள் ஒன்று, நான் ஒன்று. கணக்கு முடிந்துவிட்டது. மூன்றாவதாக ஒன்று வாங்கினால் அது அவள் தட்டிலிருந்து எடுப்பது. ஏற்கெனவே எடுத்தது போதும்.

வெளியூர்ச் சந்தைக்குள் கடை போட இப்போது முழுச் சான்றிதழ் கேட்கிறார்கள். நல்லது, என்னிடம் வரப்போகிறது. பாபிர்யே என்ற பெயரில். அவள் பெயரிலேயே இருந்துவிட்டுப் போகிறேன். யாருக்கு என்ன நஷ்டம்? ஒருவிதத்தில் அவள் இங்கே இருப்பாள்.

ந.


நாம்பிரா தீவு
15 செப்டம்பர் 2021

சின்னம்மாவுக்கு,

நீங்கள் எழுதியது சரி. நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அதனால் திங்கட்கிழமை திறந்தேன்.

சுகாதாரப் படகு வந்திருந்தது. அதே நர்ஸ். வரிசை முடியும்வரை மரத்துக்குப் பின்னால் நின்றேன். அவள் பெட்டியை மூடும்போது போய் முன்னால் நின்றேன்.

"என்ன வேணும் பொண்ணே?"

நான் பெட்டியைத் தொட்டுக் காட்டினேன்.

"ஊமையா? எழுதிக் காட்டுறியா?"

"ஊமை இல்ல" என்றேன். சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. படகுக்காரர் திரும்பிப் பார்த்தார். நிறுத்தினால் மறுபடி வராது என்று முழுவதும் சொல்லிவிட்டேன், அட்டை, நீங்கள், அம்மா, ஒரே வயிறு, எல்லாம்.

அவள் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"ரெட்டைப் பிள்ளையோ ஒத்தைப் பிள்ளையோ, ரத்தம் அவங்கவங்களுக்குத் தனியாத்தான் ஓடுது. ஒருத்தி படிச்ச பாடம் இன்னொருத்திக்கு வராது. மொத ஊசி பாடம் சொல்லித் தரும். ரெண்டாவது, படிச்சத நெனப்பூட்டும். ஒங்க சின்னம்மா பாடம் மட்டும்தான் கேட்டிருக்காங்க."

"பன்னெண்டு வாரம் தாண்டிட்டா?"

"தாண்டினாலும் போடலாம், வீணாப் போகாது. ஆனா அதுவரைக்கும் பாதிக் கதவு திறந்துதான் கெடக்கும். போகச் சொல்லு."

பிறகு நான் அதையும் கேட்டேன். ஜூன் 24ஆம் தேதி போட்டிருந்தால் அம்மா பிழைத்திருப்பாரா என்று.

"ஒரு வாரத்துல ஒடம்பு கத்துக்கிட்டிருக்குமோ என்னமோ. தெரியாதும்மா. தெரியும்னு சொல்றவங்க யாரையும் நம்பாத. என்னையும்தான்."

அதுதான் சின்னம்மா. தெரியாதாம். நீங்களும் நானும் தெரிந்த மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குத் தெரியும். அம்மா உங்களுக்கு இரண்டாவது ஊசியைக் கொடுத்தார். பெயரைக் கொடுக்கவில்லை. அவர் பெயரில் நீங்கள் பதில் சொல்லிக்கொண்டே இருந்தால் அவர் எப்படிப் பறப்பார்? இங்கே வலை உதறும் சத்தம் இன்னும் நிற்கவில்லை.

செப்டம்பர் 30.

கொரெத்தி


கியாபோகோ
1 அக்டோபர் 2021

கொரெத்திக்கு,

ஊசிக்காகப் போகவில்லை. சான்றிதழ் வாங்கத்தான் நேற்றுப் போனேன். பொய் எழுதி என்ன ஆகப்போகிறது? நீலக் கோமேசி உடுத்திக்கொண்டேன், இரண்டில் அசைகிறதே, அதை.

கூடம் நிறைய ஆட்கள். ஒரு பக்கம் ஊசி மேசை, ஒரு பக்கம் சான்றிதழ் மேசை. நடுவில் பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பருத்த பெண், "எந்த வரிசைக்கா?" என்று கேட்டாள். "பாத்துக்கிட்டிருக்கேன்" என்றேன். "இது என்ன கல்யாண வீடா, பாத்துக்கிட்டிருக்க?" என்றாள்.

பத்து மணி இருக்கும். கையில் தாள்களோடு ஒருத்தி எழுந்து, "பாபிர்யே" என்று கூப்பிட்டாள்.

'இதோ இருக்கேன்' தொண்டை வரை வந்துவிட்டது. ஐம்பது வருஷப் பழக்கம். கையைக்கூடப் பாதி தூக்கிவிட்டேன். அப்போது உன் கடிதம் ஞாபகம் வந்தது. அவள் தலையைத் திருப்பியது. 'அவ பதில் சொல்லிட்டா.'

தூக்கிய கையை மடியில் வைத்து இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன்.

"பாபிர்யே!" கூடம் அமைதியாகிவிட்டது. எல்லோரும் வாசல் பக்கம் பார்த்தார்கள். "பாபிர்யே இருக்கீங்களா?" மூன்றாவது தடவை.

வாசல் பக்கம் துணி உரசும் சத்தம் கேட்டது, கொரெத்தி. என் உடைதான் உரசியதா, எனக்குத் தெரியாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு பெயர் யாரும் வாங்காமல் கூடத்தைக் கடந்து வெளியே போவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்குப் பதில் சொல்லாமல் இருந்தேன்.

"வரல போல" என்று அந்தப் பெண் தாளைக் கட்டின் அடியில் செருகினாள்.

பிறகு எழுந்து ஊசி மேசைக்குப் போனேன். நர்ஸிடம் அட்டை மாறிய கதையைச் சொன்னேன். அவள் பேனாவை வைத்துவிட்டுக் கத்தினாள்: "ஏம்மா, இது என்ன பஸ் டிக்கெட்டா, ஆள் மாத்தி ஏறுறதுக்கு? ஒங்களுக்கு வயசு என்ன, புத்தி என்ன!" நன்றாகத் திட்டினாள். யாராவது திட்ட மாட்டார்களா என்று மூன்று மாதமாகக் காத்திருந்திருக்கிறேன் போல. திட்டி முடித்துப் புது அட்டை எடுத்தாள்.

"பேர்?"

"நகாத்தோ."

"பாபிர்யே எங்க?"

"பறந்துட்டா" என்றேன். வெளியே சொன்னது அதுதான் முதல் தடவை.

ஊசி போட்டாள். இன்று காலையில் கையைத் தூக்க முடியவில்லை. இந்த முறை என் கை மட்டும்தான் வலிக்கிறது.

போன கடிதத்தில் உன்னைப் பற்றி எழுதிய முதல் பாராவைக் கிழித்து அடுப்பில் போடு.

சின்னம்மா நகாத்தோ


நாம்பிரா தீவு
7 அக்டோபர் 2021

சின்னம்மாவுக்கு,

கிழிக்கவில்லை. அந்தத் தாளின் பின்பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். நோட்டு தீர்ந்துவிட்டது.

அடுத்த வாரம் சனிக்கிழமை கவேசா அண்ணன் படகில் உங்களுக்கு இடம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். நானே போய்ச் சொன்னேன். "அட, ஒனக்குக் குரல் இருக்கா!" என்றார். அம்மாவின் கோமேசியையும் கொண்டு வாருங்கள். எனக்குத் தோள்பட்டையைச் சின்னதாக்கித் தந்தால் போதும்.

ஒரு பயம் மட்டும் இருக்கிறது. நீங்கள் படகிலிருந்து இறங்கும்போது இங்கே எல்லோரும் அம்மா வருவதாக நினைப்பார்கள். மீன் காயப்போடும் பெண்கள் ஓடினாலும் ஓடுவார்கள். நானும் ஓடிவிடுவேனோ என்று இருக்கிறது. அதனால் மேட்டில் ஏறி நின்று பழகிக்கொண்டிருக்கிறேன். படகு முனை திரும்பியதும், துறையில் எத்தனை பேர் இருந்தாலும், உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடப் போகிறேன். பெரியவர்களைப் பெயர் சொல்லக் கூடாதுதான். மன்னித்துக்கொள்ளுங்கள்.

கேட்டதும் பதில் சொல்லிவிடுங்கள்.

கொரெத்தி